தங்க விளிம்பு டம்ளர்

இறந்துபோன கேப்டன் தையல் கடைக்குள் நுழைந்தபோது அண்ணி சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார், ஊசி விரலில் ஏறியது. "ஐயோ!" என்று அவர் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

கத்தாமல் என்ன செய்வது? இந்த மனிதரின் காலிச் சவப்பெட்டிக்குள் வைத்துப் புதைத்த சீருடையைத் தைத்ததே அண்ணிதான். பேரரசின் விண்கடற்படை குண்டு முழங்க மரியாதை செய்தது. தெருவில் எல்லாக் கடைகளும் ஷட்டரை இறக்கின. அண்ணியும் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதார். அத்தனையும் வாங்கிக்கொண்ட ஆள் இப்போது இளைத்துக் கறுத்து வாசலில் நிற்கிறார்.

"பயப்படாதீங்கம்மா, உயிரோடதான் இருக்கேன். துப்பறிவாளர் இருக்காரா?"

துப்பறிவாளர் தையல் மெஷினுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து ஊசிகளில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். அண்ணியின் கொழுந்தனார் அவர். விண்கடற்படையின் விசாரணைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யோசிக்கிற நேரமெல்லாம் நூல் கோப்பது அவர் வழக்கம். அண்ணிக்கு வரவர ஊசிக்காது தெரிவதில்லை என்பதால் அவருக்கும் அது சௌகரியம். வழக்கு என்று ஒன்று வந்துவிட்டால் அண்ணிக்குத்தான் இருப்புக் கொள்ளாது. வந்தவர் உட்காருவதற்குள் குற்றவாளி யார் என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும்.

அண்ணி டீ போட்டுக் கொடுத்தார். கேப்டன் இரண்டு மடக்குக் குடித்தார். பேச வாயெடுத்தவர், கையிலிருந்த கண்ணாடி டம்ளரை மேசையில் வைக்காமல் அப்படியே அந்தரத்தில் விட்டார். டம்ளர் தரையில் விழுந்து சில்லுச் சில்லாகச் சிதறியது.

"நல்லா இருக்கு! ஆறு டம்ளர் செட்டு அது!" என்றார் அண்ணி.

கேப்டனின் முகம் சுண்டிப்போயிற்று. "மன்னிச்சுக்கோங்கம்மா. மேல எடை கிடையாது, விட்டா விட்ட இடத்துலயே நிக்கும். மாசக்கணக்கா இருந்துட்டு இறங்கினா கை சீக்கிரம் மறக்காது. கப்பல்காரங்க எல்லாருக்கும் இப்படித்தான். அதான் எங்க அக்கா, நானோ அத்தானோ இறங்கி வந்த உடனே கண்ணாடியெல்லாம் பூட்டிட்டு எவர்சில்வர் டம்ளரை எடுத்துடுவாங்க. பத்து நாளைக்கு அதுலதான் எல்லாம். இத்தனை வருஷத்துல ஒரு தடவை தவறினதில்ல."

"பரவாயில்ல, சொல்லுங்க" என்றார் துப்பறிவாளர்.

கேப்டன் சொன்னார். அப்பா அம்மா சின்ன வயதிலேயே போய்விட, வளர்த்ததெல்லாம் அக்காதான். அக்காவைக் கட்டிக்கொண்டவர் கடற்படைக்காரர். அவர்தான் பயிற்சிப் பள்ளி வாசல்வரை தோளில் கை போட்டு அழைத்துப் போனார். பிறகு இருவரும் ஒரே கப்பல். கேப்டன் பதவி காலியானபோது பேரரசு அத்தானைத் தாண்டி மச்சானுக்குக் கொடுத்தது. அத்தான் ஒரு வார்த்தை முகம் கோணாமல், சிரித்துக்கொண்டே துணைக் கேப்டனாக இருந்தார்.

"போன பயணத்துல கப்பல்ல நாங்க மூணே பேர். நான், அத்தான், என்ஜினியர். பேரரசோட எல்லையில ஆளில்லாத விளக்கு மேடை ஒண்ணு இருக்கு. வர்ற கப்பலுக்கெல்லாம் வழி காட்டற விளக்கு. அதை ரிப்பேர் பார்க்க நான் உள்ள போனேன். வேலை முடிச்சு ஜன்னல் வழியா பார்த்தா, கப்பலைக் காணோம்."

அண்ணி கண்ணாடிச் சில்லுகளைப் பெருக்குவதை நிறுத்தினார்.

"ஆபத்துக்குன்னு அங்க சாப்பாடும் காத்தும் வெச்சிருப்பாங்க. அதை வெச்சுத்தான் பிழைச்சேன். தினமும் விளக்கை அணைச்சு அணைச்சு ஏத்துவேன். அத்தான் எப்படியும் பார்த்துடுவார்னு. கடைசியில தாது ஏத்திப் போற கப்பல் ஒண்ணு பார்த்துது. இறங்கி நாலு நாள் ஆகுது."

"விட்டுட்டுப் போனது யாரு?"

"அதுதான் சார் கேள்வி. அத்தான் சொல்றார், 'நான் தூங்கிட்டிருந்தேன். என்ஜினியர் வந்து எழுப்பினான். விளக்கு வேலை முடிஞ்சு வர்ற வழியில, விண்கல்லுக் கூட்டத்துக்கிட்ட கேப்டன் வெளிய போனார், கயிறு அறுந்து போயிட்டார்னான்'னு. என்ஜினியரும் அட்சரம் பிசகாம அதையேதான் சொல்றான். தூங்கினது அவனாம், எழுப்பினது அத்தானாம். நாளைக்கு விசாரணை. நான் யாரைக் கை காட்டறேனோ அவருக்கு ஆயுசுக்கும் சுரங்கத் தண்டனைதான்."

"என்ஜினியர்தான்! இதுல என்ன சந்தேகம்?" என்றார் அண்ணி.

"எனக்கும் அப்படித்தான். அவனுக்கும் எனக்கும் ஆகவே ஆகாது. ஆனா ஒரு மனுஷனோட வாழ்க்கை. கையை நீட்டறதுக்கு முன்னாடி நீங்க ஒருத்தர் 'ஆமா'ன்னு சொல்லிட்டா போதும்."

துப்பறிவாளர் இன்னொரு ஊசியை எடுத்தார். "கயிறு அறுந்துடுச்சுன்னதும் அத்தான் என்ன பண்ணார்?"

"தேடினார் சார்!" கேப்டனின் கண் கலங்கிவிட்டது. "கப்பலை என்ஜினியர்கிட்ட குடுத்து அனுப்பிட்டு, சின்னப் படகை எடுத்துக்கிட்டுத் தன்னந்தனியா ரெண்டு மாசம் கல்லுக்கூட்டத்துல தேடியிருக்கார். தேடி முடியற வரைக்கும் வீட்டுக்குச் சொல்லக் கூடாதுன்னு கடற்படை சேதியை அமுக்கி வெச்சிருந்துது. நேரா அங்கேருந்துதான் வீட்டுக்கு வந்திருக்கார். பேப்பர்லயெல்லாம் போட்டாங்க. அதுக்காகத்தான் என் கப்பலையே அவருக்குக் குடுத்தாங்க. இருக்கட்டும், அவருக்குத்தான் அது தகும்."

"அவர் வந்து இறங்கின அன்னைக்கு நான் அங்கதான் இருந்தேன்" என்று அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஊரெல்லாம் சொல்லி அலுக்காத கதை அது. "மாடி ரூமுக்குன்னு கெட்டித் துணியில ஜன்னல் திரை வாங்கிட்டுப் போனாங்க இவங்க அக்கா. யாருமே படுக்காத ரூமுக்கு எதுக்கு இவ்வளவு கெட்டின்னு நினைச்சேன். ரெண்டு மாசம் கழிச்சு, இருட்டா இருக்கு, மெல்லிசா மாத்திக் குடுங்கன்னு கூப்பிட்டாங்க. போயிருக்கேன், பின்னாடியே அவர் வர்றார். தாடியும் மீசையுமா. உட்காரவெச்சு, கல்யாணத்துக்கு வந்த தங்க விளிம்பு கண்ணாடி டம்ளர்ல எனக்கு டீ குடுத்தாங்க. தையல்காரிக்கு யாரு அதையெல்லாம் எடுப்பாங்க?"

"உங்களுக்கு மட்டுமா அண்ணி?"

"அவருக்கும்தான். குடிச்சு முடிச்சு டம்ளரை வெச்சுட்டுத்தான் விஷயத்தைச் சொன்னார். அந்தப் பொண்ணு போட்ட சத்தம் இருக்கே, இன்னும் காதுல கேக்குது."

துப்பறிவாளரின் கையில் நூல் ஊசிக்காதின் வாசலிலேயே நின்றது. "சாயங்காலம் உங்க அக்கா வீட்டுக்கு வர்றோம் கேப்டன். அத்தானும் இருக்கட்டும். என்ஜினியரை நான் கூட்டிட்டு வர்றேன்."

என்ஜினியர் துறைமுகத்துப் பழுதுக் கொட்டகையில் ஒரு கப்பலின் வயிற்றுக்கடியில் படுத்திருந்தார். ஒரு வேலையாக ஒரு மாதம் மேலே இருந்துவிட்டு, விசாரணைக்காக முந்தின நாள்தான் இறங்கியிருந்தார். பிடிவாதக்கார முகம்.

"என்னை எழுப்பினது அவரு. அதுக்கு மேல சொல்ல என்கிட்ட ஒண்ணுமில்ல" என்று சொல்லியபடி கையிலிருந்த ஸ்பேனரை அந்தரத்தில் விட்டார். அது நேராக அண்ணியின் கால் கட்டைவிரலில் விழுந்தது.

அண்ணி ஒற்றைக்காலில் குதித்தார். "பார்த்தீங்களா தம்பி? கொலைகாரன்! பட்டப்பகல்லயே!"

"அவர் கை மேல தப்பில்ல அண்ணி" என்றார் துப்பறிவாளர். வழியெல்லாம் அண்ணி நொண்டிக்கொண்டே திட்டினார். 

அக்கா வீட்டுக் கூடத்தில் ஜன்னலோரம் அத்தான் உட்கார்ந்திருந்தார், புதுக் கேப்டன் சீருடையில். ஆள் நல்ல உயரம், குரலில் தேன். என்ஜினியரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்காவின் கண் அழுதழுது வீங்கியிருந்தது. தம்பியின் பக்கத்தில் நின்று, அவர் சட்டைக் கையை நீவி நீவி விட்டுக்கொண்டிருந்தார். போனது என்று எழுதிவிட்ட உயிர் திரும்பி வந்தால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும் என்று அண்ணி நினைத்துக்கொண்டார்.

"டீ கிடைக்குமாம்மா?" என்றார் துப்பறிவாளர்.

"இதோ." அக்கா உள்ளே போய்விட்டு எட்டிப் பார்த்தார். "இவர் எப்ப இறங்கினார்?" என்று என்ஜினியரைக் காட்டிக் கேட்டார்.

"நேத்து" என்றார் துப்பறிவாளர்.

தட்டு வந்தது. துப்பறிவாளருக்கும் அண்ணிக்கும் அத்தானுக்கும் தங்க விளிம்பு டம்ளர். என்ஜினியருக்கும் கேப்டனுக்கும் எவர்சில்வர்.

துப்பறிவாளர் டீயைத் தொடவில்லை. "யாருக்கு எதுன்னு நான் சொல்லலையேம்மா."

"இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு? இறங்கினவங்களுக்கு எப்பவும் இதுதான்."

"எப்பவுமா?"

"எப்பவும்."

"அப்படின்னா ஒண்ணு கேக்கணும். உங்க வீட்டுக்காரர் ரெண்டு மாசம் எடையில்லாம, குறுகலான படகுல தேடிட்டு, நேரா இறங்கி வந்தார். அன்னைக்கு அவருக்கு எந்த டம்ளர்ல குடுத்தீங்க?"

மறுபடி தம்பியின் சட்டைக்குப் போயிருந்த அக்காவின் கை நழுவியது. அண்ணிக்கு அந்தக் கணத்தில்தான் விஷயம் புரிந்தது. 

அத்தான் சிரித்தார். "என்ன சார் இது? தம்பி செத்துட்டான்னு கேட்டவ. அந்தத் துக்கத்துல டம்ளரா ஞாபகம் இருக்கும்?"

"அண்ணி, டீ முதல்ல வந்துதா, சேதி முதல்ல வந்துதா?"

"டீதான்" என்றார் அண்ணி.  "குடிச்சு முடிச்சுட்டுத்தான் சொன்னார்."

"துக்கம் இன்னும் வராத நேரம் அது" என்றார் துப்பறிவாளர். "இறங்கி வந்தவர் கண்ணாடியை உடைப்பார்னு நல்லாத் தெரிஞ்ச வீடு. ஆனாலும் இவங்க கை தானா கண்ணாடியை எடுத்துக் குடுத்தது. ஏன்னா இவர் உடைக்கமாட்டார்னு அந்தக் கைக்குத் தெரியும். இவரும் உடைக்கல. குடிச்சுட்டுப் பதவிசா கீழ வெச்சார். தேடவே போகல கேப்டன். கப்பலை அனுப்பிட்டு, படகை எங்கயோ காட்டுப்பக்கம் இறக்கிட்டு, அந்த ரெண்டு மாசமும் இதே வீட்டு மாடியில, கெட்டித் திரைக்குப் பின்னாடி இருந்தார். அப்புறம் ஊருக்காக ஒரு நடை மேல போயிட்டுத் துறைமுகத்துல இறங்கினார். ஒரு நாள்ல கைக்கு அந்த விட்டுடற பழக்கம் வராது. கல்லுக்கூட்டத்துல தேடறதுக்கு ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சவராலதான் தேடாம இருக்க முடியும். தூங்கினது என்ஜினியர். எழுப்பினது இவர்."

"டம்ளரை வெச்சு என்னைச் சுரங்கத்துக்கு அனுப்பப் போறீங்களா?" அத்தானின் குரலில் இருந்த தேன் வற்றிவிட்டது.

"இல்ல. உங்க மனைவி சொல்றதை வெச்சு."

யாரும் அக்காவைக் கேட்கவில்லை. கேப்டன் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். அக்கா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"உயிருக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சத்தியம் பண்ணார்டா. அங்க சாப்பாடு இருக்கு, காத்து இருக்கு, வருஷம் திரும்பறதுக்குள்ள எவனாவது கூட்டிட்டு வந்துடுவான்னார். உனக்கு வயசு இருக்குடா. இவருக்கு இதை விட்டா வேற வாய்ப்பு இல்ல. தினமும் உனக்குக் கீழ வேலை பார்த்துட்டு வந்து, ராத்திரி சுவத்தைப் பார்த்துப் படுத்துப்பார். நான் எத்தனை நாள் அந்த முதுகைப் பார்க்கறது?"

 சூடான எவர்சில்வர் டம்ளர் கேப்டனின் கையிலேயே இருந்தது.

"நான் அங்க தினமும் விளக்கை அணைச்சு அணைச்சு ஏத்தினேன் அக்கா" என்றார். "சாப்பாட்டு டப்பா குறையக் குறைய, அக்கா பாவம், என்னை நினைச்சு சாப்பிடாம கிடப்பாளேன்னு அழுதேன். நீ இங்க மாடிக்கு சாப்பாடு கொண்டுபோயிட்டிருந்திருக்கே. என் பெட்டியில வைக்கற சட்டைக்கு அளவு குடுத்திருக்கே."

சொல்லிவிட்டு எழுந்தார். எழும்போது டம்ளரை அந்தரத்தில் விட்டார். அது தரையில் மோதி, டீயைக் கொட்டிக்கொண்டு உருண்டது.

"பார்த்துடா, கால்ல ஊத்திக்கப் போறே!" என்று அக்கா பதறி எழுந்தார்.

கூடத்தில் எல்லோரும் அந்தக் குரலைக் கேட்டார்கள். அது நடிப்பு இல்லை என்பதுதான் கொடுமை. கேப்டன் அக்காவை ஒரு தடவை பார்த்தார். பிறகு என்ஜினியரிடம் போய், "நாளைக்கு உன்னைத்தான் கை காட்டறதா இருந்தேன். மன்னிச்சுடு" என்றார். என்ஜினியர் தோளைக் குலுக்கிவிட்டு அவருக்காகக் கதவைத் திறந்தார். விசாரணைப் பிரிவின் காவலர்கள் வரும்வரை துப்பறிவாளர் அங்கேயே இருந்தார்.

கேப்டனுக்குப் போக வேறு இடம் ஏது? அண்ணிதான் கையைப் பிடித்துக் கடைக்கு அழைத்து வந்தார்.  அண்ணி வாயை மூடிக்கொண்டு அவ்வளவு தூரம் நடந்தது அதுதான் முதல் தடவை. கடைக்கு வந்ததும் டீ போட்டார். உள்ளே போய் அலமாரியின் மூலையிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரைத் தேடி எடுத்துத் துடைத்து, ஊற்றிக் கொண்டுவந்து நீட்டினார்.

கேப்டன் அதைப் பார்த்தார்.  "அதுல வேண்டாம்மா" என்றார்.  முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அண்ணி சத்தமில்லாமல் அந்த டம்ளரை எடுத்துக்கொண்டு போனார். கண்ணாடி செட்டில் மீதி இருந்த ஐந்தில் ஒன்றை எடுத்து டீயை அதில் மாற்றி, அவர் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார்.

"உடைச்சா உடைச்சுக்கப்பா" என்றார். "இன்னும் நாலு இருக்கு."