இடப்பக்கத்துப் பின்கதவு

லீஸ் என்ற நீண்டகால வாடகை முடிந்த கார்களைத் திருப்பி ஒப்படைக்கும் இடம் ஒரு பெரிய கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. சரிவில் இறங்கும்போதே பகல் பின்னால் நின்றுவிட்டது. ஈரச் சுவர், பழைய டயர், சிமென்ட் தூசி எல்லாம் சேர்ந்த ஒரு வாசனை வந்தது. அதையும் மீறி, என் காருக்குள்ளிருந்தே இன்னொரு வாசனை.

மூட்டுவலித் தைலம். என் மாமியார் முழங்காலில் தேய்த்துக்கொள்வது.

மாமியார் போன மழைக்காலத்திலேயே இறந்துவிட்டார்.

"வந்தாச்சு அத்தை," என்றேன், கண்ணாடியைப் பார்க்காமலே. "இன்னியோட நீங்க ஒரு வழி, நாங்க ஒரு வழி."

பின்சீட்டின் இடப்பக்க ஜன்னலில் மோதிரம் தட்டும் சத்தம் கேட்டது.

டொக். டொக். டொக்.

பயமாக இருந்ததா என்றால், இருந்தது. ஆனால் அவர் முன்னால் பயத்தைக் காட்டி எனக்குப் பழக்கமில்லை. கல்யாணமாகி வந்த புதிதில், "இவ கொதிக்கிற எண்ணெயில விழுந்த தண்ணி" என்று சொந்தக்காரர்களிடம் சொன்னவர் அவர். "அப்ப எண்ணெய் யாரு அத்தை?" என்று கேட்டவள் நான். அந்த அளவில்தான் எங்கள் பாசம் இருந்தது.

அந்தக் கதவுக்கு ஒரு கதை உண்டு. ஒருமுறை சிக்னலில் கார் நின்றபோது, வீடு வந்துவிட்டது என்று நினைத்து அத்தை கதவைத் திறந்துவிட்டார். ஸ்கூட்டரில் வந்த ஒருவர் நூலிழையில் தப்பினார். அன்றே பின்கதவு இரண்டுக்கும் சைல்டு லாக் போட்டேன். உள்ளே இருப்பவர் எவ்வளவு இழுத்தாலும் திறக்காது. வெளியிலிருந்து யாராவது திறந்துவிட வேண்டும்.

"பேரன் பேத்தி எடுக்க வேண்டிய வயசுல என்னையே குழந்தையாக்கிட்டா," என்று ஊரெல்லாம் சொன்னார்.

அதன்பிறகு கார் எங்கே நின்றாலும் மோதிர விரலால் கண்ணாடியைத் தட்டுவார். என் கணவர் ஓடிப்போய்த் திறந்து, "இறங்குங்கம்மா, வந்தாச்சு," என்பார். நான் திறந்தால் இறங்க மாட்டார். மகன் வரும்வரை கல்லுப்பிள்ளையாராக உட்கார்ந்திருப்பார்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், அந்த இடப்பக்க சீட்டில் உட்கார்ந்தபடியேதான் அவர் மூச்சு நின்றது. வாசலில் ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்தவர்கள் வலப்பக்கக் கதவைத் திறந்து அவரை இழுத்துக்கொண்டார்கள்.

இடப்பக்கக் கதவை யாரும் திறக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து முதல்முறை காரை எடுத்த அன்றே சத்தம் தொடங்கிவிட்டது. எனக்குக் கேட்டது. என் கணவருக்கும் கேட்டது. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளத்தான் நாளாயிற்று.

அதற்குள் அவர் மாறிவிட்டார். வேலை முடிந்து வந்தால் மாடிக்கு ஏற மாட்டார். கீழே பார்க்கிங்கில், டிரைவர் சீட்டில், தலையைப் பின்பக்கம் சாய்த்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார். துக்கம்தானே, ஆறட்டும் என்று முதலில் விட்டேன். பிறகு சாப்பாட்டையும் கீழேயே கேட்டார். முகம் மெழுகாக வெளுத்தது. ஒருநாள் தட்டை வாங்கும்போது விரல் பட்டது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாத்திரம் மாதிரி இருந்தது.

"அந்தக் கதவைத் திறந்து விட்டுடுங்களேன்," என்றேன். "அவங்களும் நிம்மதியா போகட்டும்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது.

"திறந்தா போயிடுவாங்க," என்றார். "போயிட்டா?"

அவர் பாசத்தில் திறக்கவில்லை. நான் வீம்பில் திறக்கவில்லை. நான் திறந்தால் இறங்கவே மாட்டாரே, எதற்கு அவமானப்பட வேண்டும்? இரண்டு பேருக்கும் நடுவில் கிழவி உள்ளேயே இருந்தார்.

லீஸ் முடிகிறது என்றதும் காரை வாங்கியே விடலாம் என்று என் கணவர் கெஞ்சினார். லீஸ் என் பெயரில். முடியாது என்றேன். காலையில் அவர் குளிக்கும்போது சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். எனக்கு என் புருஷன் வேண்டும். மாடியில், என் பக்கத்தில், சூடான கையோடு. அதற்கு மாமியாரைக் காரோடு சேர்த்து ஒப்படைப்பதென்றால் ஒப்படைத்துவிட வேண்டியதுதான்.

வண்டியைச் சோதிக்க வந்தவர் ஐம்பது வயதுக்காரர். காதில் பேனா, கையில் டார்ச். பம்பரில் வெளிச்சம் அடித்துக் குனிந்து பார்த்தார்.

"நல்லா வச்சிருக்கீங்க மேடம். சில பேர் கொண்டு வர்றதைப் பாத்தா உள்ள எருமை கட்டியிருந்தாங்களோன்னு தோணும்."

"உள்ள ஒரு மாமியார்தான் இருந்தாங்க சார்."

சிரித்தார். "அப்ப சேதாரம் சீட்டுக்கு இல்ல, உங்களுக்குத்தான்." சிரித்துக்கொண்டே இடப்பக்கப் பின்கதவில் கை வைத்தார்.

"அது வேண்டாம் சார்."

"நாலு கதவையும் திறந்து பாக்கணுமே மேடம்."

"கடைசியா பாருங்களேன்."

ஒரு மாதிரி பார்த்தார். தோளைக் குலுக்கிக்கொண்டு மறுபக்கம் சுற்றிப்போய், வலப்பக்கக் கதவைத் திறந்து உள்ளே ஏறினார். நடுவில் உட்கார்ந்து, நடு பெல்ட்டை இழுத்து மாட்டிப் பார்த்தார்.

அவர் ஏறி வந்த கதவு சாத்திக்கொண்டது.

மெதுவாக. யாரோ பொறுமையாக இழுத்துச் சாத்துவது போல.

அவர் உள்ளிருந்து கையை விரித்து, ‘என்னம்மா இது?’ என்பதுபோல் சிரித்தார். பெல்ட்டின் பொத்தானை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். சிரிப்பு நின்றது.

கதவை இழுத்தேன். வரவில்லை. சாவியை அழுத்தினேன். விளக்குகூடச் சிமிட்டவில்லை. முன்கதவும் அசையவில்லை.

உள்ளே டார்ச் மங்கியது.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அவருடைய மறுபக்கம், இடப்பக்கக் கண்ணாடியில், வட்டமாக மூச்சு படிந்தது. மறைந்தது. மறுபடி படிந்தது.

"மேடம்..." கண்ணாடி வழியாக அவர் குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "யாரோ என் முட்டியைப் புடிச்சிருக்காங்க."

டொக். டொக். டொக்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அத்தைக்குக் கார் என்றால் பயம். பிரேக் போட்டால் போதும், பக்கத்தில் இருப்பவர் முட்டியை இறுகப் பிடித்துக்கொள்வார். யார் என்று பார்க்க மாட்டார். ஒருமுறை பின்னால் நான் உட்கார்ந்திருந்தபோது என் முட்டியைப் பிடித்துவிட்டு, வீடு வரும்வரை விடவில்லை. இறங்கியதும், "உன் முட்டி குச்சி மாதிரி இருக்கு, சாப்பிடறதே இல்லையா?" என்று கேட்டார்.

இப்போதும் பயந்துதான் பிடித்திருக்கிறார். முன்பின் தெரியாத இடத்தில், முன்பின் தெரியாதவர்களிடம் நான் விட்டுவிட்டுப் போகப் போகிறேன் என்று பயம்.

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேலா, என் மேலா தெரியவில்லை. காரைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்தேன். குரலை நடுங்க விடவில்லை.

"அத்தை. நல்லா கேட்டுக்குங்க. பயந்துபோய்த் திறக்கறேன்னு நினைக்காதீங்க. அந்த மனுஷனை முதல்ல விடுங்க, அவர் என்ன பாவம் பண்ணினார்? இறங்கிப் போற இடத்துக்குப் போங்க. போகப் பிடிக்கலன்னா வீட்டுக்கு வாங்க, வேண்டாம்னு சொல்லலை. ஆனா உங்க புள்ளை இனி என்கூட மேல உக்காந்துதான் சாப்பிடுவார். எங்க ரூம் பக்கம் மட்டும் நீங்க வரக்கூடாது. சம்மதம்னா இறங்குங்க. உங்க புள்ளை வரலை. நான்தான் வந்திருக்கேன். நான் திறந்தா இறங்க மாட்டீங்கன்னா, இங்கேயே இருங்க!"

கைப்பிடியை இழுத்தேன்.

கதவு எண்ணெய் போட்டதுபோல் திறந்தது.

உள்ளிருந்து குளிர் இறங்கியது. தைல வாசனை முகத்தில் அடித்தது. பழக்கதோஷம், வயதானவர் இறங்கினால் நீட்டுவதுபோல் கையை நீட்டிவிட்டேன்.

என் மணிக்கட்டை மெலிந்த விரல்கள் பற்றின.

பாரம் முழுவதையும் என் மேல் போட்டு, அத்தை இறங்கினார்.

பெல்ட் தானாகக் கழன்று சுருண்டது. டார்ச்காரர் நான் திறந்த கதவு வழியாகவே விழுந்தடித்து வெளியே வந்தார். பேனா எங்கோ விழுந்துவிட்டது.

"வண்டிக்கு ஒண்ணுமில்ல மேடம்," என்றார் மூச்சு வாங்க. "எல்லாம் சரியா இருக்கு. நீங்க கிளம்புங்க." என் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு, "கிளம்புங்க," என்றார் மறுபடி.

சரிவில் ஏறி வெளியே வந்தேன். வேகமாக நடக்கத்தான் நினைத்தேன். நடை ஏனோ மெதுவாகவே வந்தது.

வழியெல்லாம் நின்று நின்று நடந்தே வந்து, வீட்டு வாசலில் மணியை அழுத்தும்போது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. என் கணவர் கதவைத் திறந்தார். அழுதிருந்தார். அவர் ஒன்றும் கேட்பதற்குள் சொல்லிவிட்டேன்.

"வண்டியைக் கொடுத்துட்டேன். கதவையும் திறந்து விட்டுட்டேன். திட்டறதுன்னா திட்டிக்குங்க. ஆனா சாப்பிட்டுட்டுத் திட்டுங்க."

அவர் திட்டவில்லை. கையைப் பிடித்துக்கொண்டார். சூடாக இருந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, என் புருஷனின் கை. அந்த ஒரு நொடிக்கு நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால், அவர் இன்னும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். விரியத் திறந்து, சுவரோரமாக ஒதுங்கி.

"ஏன் நிக்கிறீங்க? சாத்துங்க."

"இரு," என்றார், முகமெல்லாம் மலர. "அம்மா மெதுவாத்தானே வருவாங்க."

வெளியே நடைபாதையில் யாரும் இல்லை. அவர் கொஞ்ச நேரம் நின்றார். தலையை லேசாகக் குனிந்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

வீட்டுக்குள் தைலம் மணத்தது.

நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்றேன். வரட்டும். ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போகட்டும். போட்ட நிபந்தனை போட்டதுதான்.

டொக். டொக். டொக்.

சத்தம் எங்கள் படுக்கையறையிலிருந்து வந்தது. சாத்திய கதவுக்கு உள்பக்கமிருந்து. அத்தையின் மோதிரம் அந்த அறை அலமாரியில்தான் இருக்கிறது, நானே பூட்டி வைத்தது.

அவர் ஓர் அடி எடுத்து வைத்தார். பழைய வேகம். "திறந்து விடட்டுமா?"

அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"வேண்டாம்," என்றேன், உள்ளே கேட்கும்படியாக. "அவங்களே திறந்துக்கட்டும். இந்த வீட்ல சைல்டு லாக் கிடையாது."

சத்தம் நின்றது.

பிறகு, நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அறைக்கதவின் கைப்பிடி மெல்லக் கீழே இறங்கியது.