மூன்றாவது பொத்தான்

காலை எட்டு மணிக்கு கொட்டகைக்குள் சூயின் வந்தபோது, அதைச் சூடாக்கும் நீராவிக் குழாய் வெடித்துக் கிடந்தது. அறைக்குள்ளேயே மூச்சு புகையாய் நின்றது. மேடையில் ஒரே ஒரு பீரங்கிக் குண்டு, உடம்பெல்லாம் உறைபனியோடு. தோற்றுப்போன ஜப்பானியப் படை ஆற்றங்கரையில் புதைத்துவிட்டுப் போன பல்லாயிரத்தில் ஒன்று. துரு அதன் அடையாளங்களைத் தின்றிருந்தது. உள்ளே இருப்பது வெடிமருந்தா, விஷ எண்ணெயா என்று எக்ஸ்ரே எடுத்துச் சொல்வது அவள் வேலை.

குண்டைச் சாய்த்துப் படம் எடுப்பாள். உள்ளிருப்பது நகர்ந்தால் விஷம், திறக்கக் கூடாது; நகராவிட்டால் வெடிமருந்து, திறந்து எடுத்துவிடலாம். ஆனால் இந்தக் குளிரில் விஷமும் கல்லாய் உறைந்துவிடும். அதனால் ஒரு நாள் முழுக்கக் கதகதப்பில் வைத்த பிறகே படம்.

போன குளிர்காலத்தில் ஒருமுறை அவள் காத்திருக்கவில்லை. புத்தாண்டுக்கு ஊருக்குப் போகும் கடைசி ரயிலைப் பிடிக்கும் அவசரம்.

அன்று, குண்டுகளைத் திறக்கும் பையன் தாலின், வழக்கம்போலத் தன் பஞ்சு மேலங்கியைக் கழற்றிக் குண்டின்மேல் போர்த்தினான். "இதுக்கும் குளிரும்க்கா. கொஞ்சம் பொறு."

"பொண்டாட்டி வந்தா அவளப் போர்த்து, போ." அவள் அங்கியைப் பிடுங்கி அவன்மேல் எறிந்தாள். அதன் ஐந்து பொத்தான்களில் மூன்றாவது தெறித்து ஓடியது. 'வெடிமருந்து' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அதைத் திறந்தவன் தாலின்தான். பதினோரு நாள் மூச்சுக்குத் தவித்து இறந்தான். அங்கியையும் எரித்துவிட்டார்கள். பித்தளைப் பொத்தான் மட்டும் அவள் இழுப்பறையில் கிடந்தது. அவள் அதைத் தொடுவதில்லை.

"குழாயைச் சரி பண்ண நாலு நாளாகும்," என்றார் மேலாளர் குவான். "யோங்ஹ திறக்கத் தயாரா நிக்கிறான். எடும்மா."

"உறைஞ்சிருக்கும் சார்."

வாசலில் யோங்ஹவின் தலை தெரிந்தது. "அக்கா, என் பொண்டாட்டி கொழுக்கட்டை கட்டிக் குடுத்திருக்கா. நீ பார்த்து முடிக்கறதுக்குள்ள அதுவும் உறைஞ்சு பீரங்கிக் குண்டாயிடும் போல!"

அவள் படம் எடுத்தாள். சாய்த்து, மறுபடி எடுத்தாள். உள்ளே எதுவும் நகரவில்லை.

குவான் திரையருகே குனிந்தார். "இதென்ன, வட்ட வட்டமா? எக்ஸ்ரே தட்டைத் தொடைச்சியா?"

குண்டின் குறுக்கே வரிசையாக வெள்ளைப் புள்ளிகள்.

ஒன்று. இரண்டு.

ஓர் இடைவெளி.

பிறகு இன்னும் இரண்டு.

அவள் மேடையைத் திரும்பிப் பார்த்தாள். குண்டின்மேல் எதுவும் இல்லை. ஆனால் நடுவில், ஓர் அங்கியின் அகலத்துக்கு, உறைபனி உருகியிருந்தது. அங்கே கை வைத்தபோது கையுறையை மீறி உள்ளங்கையில் சூடு ஏறியது. ஆள் உடம்பின் சூடு.

"காத்திருக்கணும்," என்றாள்.

"எவ்வளவு நேரம்?"

"அவன் போதும்கற வரைக்கும்."

"எவன்?"



ஒரு மணி நேரம் கழித்துக் குண்டைச் சாய்த்தாள். திரையில் ஒரு கோடு மெல்ல, தேன்போல, தாழ்ந்த பக்கம் வழிந்தது. குவான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். வெளியே யோங்ஹ எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தான்.

'விஷம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அன்றும் இப்படிக் காத்திருந்திருக்கலாம்.

மாலையில் வெறும் மேடைமேல் பொத்தானை வைத்தாள்.

"போதும்டா தம்பி. எல்லாத்துக்கும் போர்த்திட்டு நீ குளிர்ல நிக்கிற. எடுத்துப் போட்டுக்கிட்டுப் போயிடு."

விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தாள்.

மறுநாள் மேடையில் பொத்தான் இல்லை. குழாய் இன்னும் சரியாகவில்லை, சுவரெல்லாம் பனி. போய்விட்டான் என்று நினைத்தபோது அவளுக்கு முதன்முறையாக அழுகை வந்தது. அடுத்த குண்டை ஏற்றிப் படம் எடுத்தாள்.

திரையில் ஐந்து புள்ளிகள்.

நடுவில் உள்ளது மட்டும் சற்றுக் கீழே இறங்கியிருந்தது, ஊசி பிடிக்கத் தெரியாத கை தைத்ததுபோல.