விளம்பரத்துக்கு வந்த கொக்குக் குஞ்சு

கோபம் வந்தால் ஜெயசீலிக்குக் காது சிவந்துவிடும். அன்று செம்பாக்கம் ஏரிக்கரையில் நின்றபோது அவளுடைய இரண்டு காதுகளும் மிளகாய்ப் பழம் போல இருந்தன.

அவள் தாம்பரத்தில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். கிறிஸ்துமஸுக்குத் தைத்த மஞ்சள் கவுனைப் போட்டுக்கொண்டு வரவேண்டும் என்று ரத்தினபாய் டீச்சர் சொல்லியிருந்தார். ஏனென்றால் அன்று அவளைப் படம் எடுக்கப் போகிறார்கள்.

பல்லாவரத்தில் பைனாகுலர் செய்கிற ஒரு கம்பெனி இருந்தது. போன வருடம் அந்தக் கம்பெனி இரண்டு நல்ல காரியங்களைச் செய்தது. பறவைகளைப் பார்ப்பதற்காக ஜெயசீலியின் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பைனாகுலர் கொடுத்தது. ஏரிக்கு ஒரு காவல்காரரையும் சம்பளம் கொடுத்து வைத்தது.

அதற்கு முன்பெல்லாம் மழைக்காலம் முடிந்து, ஏரிக்குள் நிற்கும் கருவேல மரங்களில் கொக்குகள் கூடு கட்டியதும், சாக்குப்பையோடு ஆட்கள் வந்துவிடுவார்கள். குஞ்சுகள் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போய்விடும். காவல்காரர் சின்னப்பன் வந்த பிறகு ஒருவரும் வரவில்லை. சின்னப்பன் அவ்வளவு கண்டிப்பு. பள்ளிப் பிள்ளைகள் கரையில் நின்று விசிலடித்தால்கூடத் துரத்துவார்.

அந்தச் சின்னப்பன்தான் இப்போது இடுப்பளவு தண்ணீரில் நடந்துபோய், மரத்தில் ஏறி, கூட்டுக்குள் கையை விட்டார்.

குஞ்சை எடுத்துவரச் சொன்னவர் கம்பெனியின் விளம்பர அதிகாரி ஸ்ரீரங்கன். போட்டோகிராபர் சேட்டுவோடு காரில் வந்திருந்தார். கழுத்தில் பைனாகுலர், கையில் கொக்குக் குஞ்சு, முகத்தில் சிரிப்பு. இப்படி ஒரு சிறுமியின் படம் வேண்டுமாம். அதன் கீழே, 'பறவைகளைக் காப்போம்' என்று அச்சடிப்பார்களாம்.

சின்னப்பன் முதலில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். சம்பளம் கொடுக்கிறவர் இரண்டாம் முறையும் சொன்னதும், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். திரும்பி வந்தபோது அவருடைய துண்டுக்குள் குஞ்சு இருந்தது.

"நீங்களே எடுக்கலாமா அண்ணே?" என்று ஜெயசீலி கேட்டாள்.

"நான் இன்னா பண்றது பாப்பா, சார் சொல்லிட்டாரு" என்றார் சின்னப்பன். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

குஞ்சை அவள் கையில் வைத்தார்கள். அதன் தலைமயிர் அப்போதுதான் தூங்கி எழுந்த பையனுடையது போலக் குத்திட்டு நின்றது. உடம்பு முழுவதும் நடுங்கியது. சேட்டு கேமராவைத் தூக்கி, சிரிக்கச் சொன்னார். அந்த நேரம் பார்த்துக் குஞ்சு வாயைத் திறந்து, பாதி செரித்த மீன் ஒன்றை மஞ்சள் கவுன்மேல் கக்கியது.

சேட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டார். ஸ்ரீரங்கன், வேறு கவுன் இருக்கிறதா என்று டீச்சரைக் கேட்டார்.

"பயந்தா இது கக்கிடும் சார்" என்றாள் ஜெயசீலி. "கவுனுக்கு ஒண்ணும் ஆகல. இதைக் கொண்டுபோய் விடச் சொல்லுங்க."

"ஒரே நிமிஷம்மா. ஒரு சிரிப்பு, அவ்வளவுதான்."

"சிரிக்க மாட்டேன்."

ஸ்ரீரங்கன் கெட்டவர் இல்லை. அவசரக்காரர். அவர் டீச்சரைத் தனியே அழைத்துப் பேசினார். விளம்பரம் வந்தால்தான் கம்பெனி பணம் தரும், படம் இல்லாவிட்டால் அடுத்த மாதம் ஏரிக்குக் காவல்காரர் இருக்க மாட்டார் என்றார். அது ஜெயசீலியின் காதிலும் விழுந்தது.

டீச்சர் அவள் பக்கத்தில் வந்து குனிந்து, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொன்னார். ஒரு குஞ்சுக்காக எல்லாக் குஞ்சுகளையும் விட்டுவிட முடியுமா என்று மெல்லக் கேட்டார். டீச்சரின் முகமும் வாடித்தான் இருந்தது.

ஜெயசீலி கையிலிருந்த குஞ்சைப் பார்த்தாள். சிரித்தால் இந்தக் குஞ்சு கையிலேயே செத்துப்போகலாம். சிரிக்காவிட்டால் மறுபடியும் சாக்குப்பைகள் வரும். யாரையாவது கடிக்கலாம் போல இருந்தது.

அவள் கண்ணை மூடினாள். 'ஆண்டவரே, எனக்கு ரொம்பக் கோபமாக இருக்கிறது. இந்தக் கோபத்தை உடனே எடுத்துவிடாதேயும். இன்னும் கொஞ்ச நேரம் தேவைப்படும். ஆனால் அதை வைத்துக்கொண்டு நான் தப்பாக எதுவும் பேசிவிடக் கூடாது' என்று ஜெபித்தாள்.

கண்ணைத் திறந்தபோது, தன் கழுத்தில் தொங்கிய பைனாகுலர் கண்ணில் பட்டது. ஒரு கையால் அதைக் கழற்றி நீட்டினாள்.

"சார், நீங்க இதுல கொக்கு பார்த்திருக்கீங்களா?"

அவர் திகைத்தார். நூற்றுக்கணக்கில் விற்றிருக்கிறாராம். கிரிக்கெட் பார்த்திருக்கிறாராம். கொக்கு பார்த்ததில்லையாம்.

"அந்தக் கோணல் மரத்துல, நடுக்கிளை. ஒரே நிமிஷம் சார்."

அவள் கேட்டது அவர் கேட்ட அதே ஒரு நிமிஷம்தான். மறுக்க முடியாமல் அவர் வாங்கிக் கண்ணில் வைத்தார். திருகினார். பிறகு அசையாமல் நின்றார்.

கூட்டில் இன்னும் இரண்டு குஞ்சுகள் இருந்தன. வெயில் நேராக அவற்றின் மேல் விழுந்தது. தாய்க் கொக்கு தள்ளி வேறொரு மரத்தில், கழுத்தை நீட்டி நீட்டிக் கரையில் நிற்கும் மனிதர்களையே பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் வரப் பயம் அதற்கு.

"பக்கத்துக் கிளையில ஒரு காக்கா வந்து உட்காருது" என்றார் ஸ்ரீரங்கன்.

"அது குஞ்சைத் தூக்கத்தான் சார் வந்திருக்கு. தாய் இல்லேன்னு தெரிஞ்சா வந்துடும்."

காகம் ஒரு கிளை இறங்கியது. பிறகு இன்னொரு கிளை. ஸ்ரீரங்கன் பைனாகுலரைப் பிடித்தபடியே முன்னால் நடந்தார். பளபளக்கும் கறுப்பு ஷூ இரண்டும் சேற்றில் இறங்கியதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"சின்னப்பா, ஓடு. குஞ்சைக் கொண்டுபோய் வை. அந்தக் காக்காயை விரட்டு" என்றார்.

சின்னப்பன் அதற்காகவே காத்திருந்தவர் போலக் குஞ்சை வாங்கிக்கொண்டு தண்ணீரில் பாய்ந்தார். காகம் பறந்துபோனது. குஞ்சு கூடு சேர்ந்தது.

அவர் கரையேறியதும், எல்லாரும் மறைந்தால்தான் தாய் வரும் என்றாள் ஜெயசீலி. அவள் சொன்னபடி அதிகாரி, டீச்சர், போட்டோகிராபர், காவல்காரர் நான்கு பேரும் அவளோடு காருக்குப் பின்னால் வரிசையாகக் குந்தினார்கள். சேட்டு தும்மப் பார்த்தார். டீச்சர் அவரை முறைத்த முறைப்பில் தும்மல் உள்ளேயே போய்விட்டது.

ஸ்ரீரங்கன் தணிந்த குரலில் சின்னப்பனிடம், தான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்றார். பிறகு ஜெயசீலியைப் பார்த்தார். மீன் கறை படிந்த கவுன், சிவந்த காது, சுருங்கிய புருவம். மரத்தைவிட்டு அவள் கண் அகலவில்லை.

"சேட்டு, இப்படியே எடு" என்றார். "கூட்டைத் தொட எவனாவது வந்தா விடமாட்டேன்னு நிக்கிற மாதிரி இருக்கு. கம்பெனியில நான் பேசிக்கிறேன். காவலும் இருக்கும்."

கேமரா 'க்ளிக்' என்றது. ஜெயசீலி திரும்பக்கூட இல்லை.

"எம்மேல இன்னும் கோவமா பாப்பா?" என்று சின்னப்பன் கேட்டார். லுங்கியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஆமா" என்றாள் அவள்.

அப்போதுதான் அவளுக்கு ஒன்று தோன்றியது. சின்னப்பன் பைனாகுலர் கம்பெனியின் காவல்காரர்தான். ஆனாலும் அவர் கையில் யாரும் ஒரு பைனாகுலரைக் கொடுத்து அவள் பார்த்ததில்லை. ஸ்ரீரங்கனிடமிருந்து அதை வாங்கி, சின்னப்பனின் ஈரக் கழுத்தில் மாட்டினாள்.

"முதல்ல நீங்க பாருங்க அண்ணே. தாய் வந்துடுச்சா?"

சின்னப்பன் கண்ணில் வைத்தார். திருகித் திருகிப் பார்த்தார்.

"வந்துடுச்சு பாப்பா" என்றார் கடைசியில். "வாய்ல மீனு கீது. மூணும் சண்டை போடுது. நம்ம ஆளுக்குத்தான் மொத வாய்."