சீட்டை உயர்த்திய கை!

"அய்யோ...!"

திருநெல்வேலி டவுனில் ஒரு வீட்டுக் கொல்லைப்புறத்திலிருந்து கிளம்பிய அந்த அலறல், காலைக் காகங்களைக் கலைத்தது.

அலறியவள் கோழை அல்லள். கொக்கிரகுளம் பாலத்தில் கத்தியோடு பாய்ந்தவனைத் தனியொருத்தியாய் மடக்கிய சப்-இன்ஸ்பெக்டர் சுகிர்தா!

அவள் எதிரே பிணம் இல்லை. குருதி இல்லை.

சைக்கிள் நின்றது!

கன்னங்கரிய கார்பன் சைக்கிள். மொத்த எடையே ஏழு கிலோ. இரண்டு விரல்களால் தூக்கிவிடலாம். அதில் ஏறி அமர்ந்த சுகிர்தாவின் கால் பெடலைத் தேடியது... துழாவியது... எட்டவில்லை!

நேற்றுக் காலை கழுவித் துடைத்து நிறுத்திய வண்டி. இன்று சீட் நான்கு விரல் உயரத்தில்!

பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு ஓடிவந்தான் கணவன் கார்த்திகேசன். கல்லூரி விரிவுரையாளன். ஆறடி உயரம்.

"என்னாச்சு? பாம்பா?"

"சீட்டு ஏறியிருக்கு!"

"தானா ஏறியிருக்கும்..."

"ஏங்க, பிடி தளந்தா சீட்டு இறங்கும். தானா எந்த ஊருலயும் ஏறாது. யாரோ திருகியிருக்காங்க!" அவள் பார்வை கணவனின் கால்களில் நிலைத்தது. "இந்த வீட்டுல நெட்டைக்கால் உங்களுக்குத்தான்."

"ஏ தாயே! பல்பு மாட்டத் தெரியாதவன்னு நேத்துத்தான் திட்டுன. இன்னைக்கு என்னைய மெக்கானிக் ஆக்குதியா?"

நியாயமான வாதம். விடுதலை!

அடுத்து வந்தார் மாமனார் தில்லைநாயகம். ஓய்வுபெற்ற தாசில்தார். உயரம் ஐந்தடிக்கு ஓரங்குலம் கூடுதல்; அதிகாரமோ எந்த அளவுகோலுக்கும் அடங்காதது.

"சொன்னேம்லா! சீட்டுக் கம்பியில செக்கச்செவேல்னு ஒரு புள்ளி இருந்துச்சே... செய்வினைன்னு அன்னைக்கே சொன்னேனா இல்லையா?"

"அது ஒட்டுப் பொட்டு மாமா. எங்கயோ இருந்து வந்து ஒட்டியிருக்கு. நேத்து கழுவும்போது கிள்ளி எறிஞ்சிட்டேன்."

"எறிஞ்சே... மறுநாளே பலிச்சிட்டு, பாத்தியா!"

வானில் செயற்கைக்கோள் சுற்றும் காலம் இது! ஆயினும், கடையில் அட்டையோடு விற்கும் ஒரு பொட்டைக் கண்டு நடுங்கும் நெஞ்சங்கள் இன்னும் நம் நடுவே உலவுகின்றன!

"ஞாயித்துக்கிழமை பந்தயம். பாளையங்கோட்டையில இருந்து பாபநாசம்," மாமனார் விரலை உயர்த்தினார். "வண்டியால ஒரு வம்பு வந்தாலும் விலகிருதேன்னு நீதான் வாக்கு குடுத்த."

"வம்பு வரலை மாமா. குற்றம் நடந்திருக்கு. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஆளைப் பிடிச்சிருதேன்."

"பிடிக்கலைன்னா?"

"பந்தயம் கிடையாது. வண்டியையும் வித்துருதேன்."

சொல்லிவிட்டாள்! பெண்களுக்கென அந்த வட்டாரத்தில் முதன்முறையாக நடக்கும் பந்தயம். மாதக்கணக்கில் விடியலில் எழுந்து பழகிய கால்கள். அத்தனையும் அந்த நான்கு விரல் இடைவெளியில் ஊசலாடின!

"காப்பி ஆறுது..."

மாமியார் பிரம்மநாயகி தம்ளர்களை நீட்டினார். எப்போதும் போல் குனிந்த தலை. கணவரின் தோளுக்கு மேல் அந்தத் தலை உயர்ந்ததை அந்த வீட்டில் எவரும் கண்டதில்லை.

* * *

வண்ணார்பேட்டை. சைக்கிள் கடை.

கடைக்காரர் முகம்மது மைதீன் தாடியைத் தடவினார். காயல்பட்டினத்துக்காரர். துபாயில் சைக்கிள் விற்றுவிட்டு ஊர் திரும்பியவர்.

"நாலு விரலா? எம்மாடி! அன்னைக்கு உங்க கால் அளவெடுத்து, மிதிக்கச் சொல்லிப் பாத்து, நூல் பிடிச்ச மாதிரில்லா வச்சுக் குடுத்தேன்!"

"அண்ணாச்சி, இந்த வண்டி எனக்கு ஒரு சைஸ் பெருசுன்னு சொன்னீங்கள்லா?"

"ஆமா தங்கச்சி. கையில இருந்தது இந்த ஒண்ணுதான். சீட்டை நல்லா இறக்கி, கைப்பிடியைக் கிட்ட கொண்டாந்து பொருத்தினோம். அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் பிடிச்சுத் தச்ச மாதிரி!"

சுகிர்தா வண்டியைச் சுற்றி வந்தாள். குனிந்தாள். கண்கள் கூர்மையாயின.

"திருகாணி சரியான முறுக்குல இருக்கு. கூடுதலா முறுக்கியிருந்தா கார்பன் விரிசல் விட்டிருக்கும். சக்கரத்துல வயக்காட்டுச் சேறு... அதையும் முக்கால்வாசி துடைச்சிருக்கு. கெடுக்க வந்தவன் துடைச்சு வைப்பானா?"

"அப்ப...?"

"இது சதி இல்ல அண்ணாச்சி. சவாரி! எவனோ ஒரு நெட்டைக்காலன் எனக்குத் தெரியாம என் வண்டியை ஓட்டுதான்!"

"அல்லா! ஓட்டிட்டுத் திரும்பக் கொண்டாந்தும் வைக்குதானா? ரொம்ப நாணயமான திருடனால்லா இருக்கான்!"

"எவ்வளவு முறுக்கணும்னு நீங்க எனக்குச் சொல்லிக் குடுத்தப்ப கடையில யாரு நின்னா?"

"நீங்க நின்னீங்க. உங்க வீட்டுக்காரரு போன்ல பேசிக்கிட்டு இருந்தாரு. உங்க அத்தை பையைப் பிடிச்சிட்டு ஓரமா நின்னாங்க. வேற யாருமில்ல."

"யாருமே இல்லையா?"

"யாருமே இல்ல."

சுகிர்தா உதட்டைக் கடித்தாள்.

* * *

சனிக்கிழமை. உச்சி வெயில்.

தூண்டில் போட்டாயிற்று. சீட்டைத் தன் அளவுக்கு இறக்கி, வண்டியைக் கொல்லையில் நிறுத்திவிட்டு, வழக்கம்போல் பணிக்குக் கிளம்பினாள் சுகிர்தா. மாமனார் உண்ட களைப்பில் குறட்டை விடும் வேளை பார்த்துப் பூனைபோல் திரும்பினாள்.

எட்டிப் பார்த்தாள்.

வண்டி இல்லை!

பின்வாசல் கதவு 'ஆ'வென்று திறந்து கிடந்தது!

பாய்ந்து ஜீப்பில் ஏறினாள்.

"இசக்கி! எடும் வண்டியை!"

காவலர் இசக்கிமுருகன் வாயிலிருந்த முறுக்கை விழுங்கினார். "எந்தப் பக்கம்மா?"

"சேரன்மாதேவி ரோடு! சக்கரத்துல இருந்தது வயக்காட்டுச் சேறு!"

ஜீப் சீறியது. பேட்டை பறந்தது. சுத்தமல்லி விலக்கு பின்னால் ஓடியது. இருபுறமும் ஆற்றுநீர் பாய்ந்த பச்சை வயல்கள். நடுவே நீண்டு கிடந்த தார்ச்சாலையில்...

"அம்மா! அந்தா போகுதான்!"

கறுப்பு வண்டி! அதன்மேல் ஓர் உருவம். தலையில் சுகிர்தாவின் ஹெல்மெட். உடம்பில் தொளதொளத்த டிராக் சூட். முதுகோ வளைத்துக் கட்டிய வில்!

"நாப்பதுல போகுதாம்மா! நம்ம ஜீப்பு திணறுது!"

"கதை பேசாம மிதியும் வே!"

முந்தினார். குறுக்கே நிறுத்தினார். கிறீச்ச்ச்...!

சுகிர்தா குதித்தாள். லத்தி உயர்ந்தது.

"ஏலே! அசையாத! ரெண்டு கையையும் தூக்கு!"

உருவம் அசையவில்லை. மூச்சிரைத்தது. பிறகு, பதற்றமில்லாத ஒரு குரல் வந்தது.

"கையைத் தூக்கினா வண்டி விழுந்துரும் சுகிர்தா. கார்பன்லா?"

அந்தக் குரல்!

ஹெல்மெட் கழன்றது. நரைத்த கொண்டை அவிழ்ந்தது. நெற்றியில், செக்கச்செவேலென்று ஓர் ஒட்டுப் பொட்டு!

"அ... அத்தை!"

இசக்கிமுருகன் எதற்கென்று தெரியாமலே சல்யூட் அடித்தார்.

சுகிர்தா அண்ணாந்து பார்த்தாள். ஆம், அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருந்தது! வண்டியை விட்டு இறங்கி நின்ற பிரம்மநாயகி பனைமரம்போல் நிமிர்ந்திருந்தார். ஆறடி மகனின் உயரம் எந்த வழி வந்தது என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

"உன் அளவு மறந்துரக் கூடாதுன்னு கம்பியில ஒரு பொட்டு ஒட்டி வச்சிருந்தேன். ஓட்டிட்டு வந்து, பொட்டுக்கு நேரா சீட்டை இறக்கி வச்சிருவேன். நீ கழுவுதேன்னு பொட்டைக் கிள்ளிட்ட. அளவு தெரியாம முழிச்சேன். அதுக்குள்ள உங்க மாமா முழிச்சிட்டாரு..."

"எப்ப அத்தை கத்துக்கிட்டீங்க?"

"களக்காட்டுல, கல்யாணத்துக்கு முந்தி. எங்க அண்ணன் சைக்கிளை நான் விடவே மாட்டேன். இங்கன வந்த முத நாளே சொல்லிட்டாங்க, புருசன் தலைக்கு மேல பொண்டாட்டி தலை தெரியப்படாதுன்னு. கல்யாண போட்டோவுல அவரு பலகை மேல நிக்காரு, நான் முழங்காலை மடக்கிக்கிட்டு நிக்கேன். அன்னைக்குக் குனிஞ்சவ..."

நாற்பதாண்டுகள்!

கணவன் குள்ளமாயிருப்பது குற்றமன்று. மனைவி நெட்டையாயிருப்பதும் குற்றமன்று. ஆனால், இயற்கை கொடுத்த உயரத்தை இன்னொருவரின் கௌரவத்துக்காக மடித்து வைக்கச் சொன்னார்களே, அதுதான் குற்றம்! அந்தக் கடையில் 'யாருமே இல்லை' என்று இருவர் சேர்ந்து முடிவு செய்தார்களே, வண்டி வாங்கிய அன்று அங்கேதான் முறுக்கின் அளவைக் காதில் வாங்கியபடி ஓரமாய் நின்றிருந்தார் இந்தப் பெண்மணி. காக்கிக்குள் இருந்த கண்களும் அவரைக் கடந்துதான் போயின!

சுகிர்தா தலை குனிந்தாள். மாமியார் அவள் முகவாயை நிமிர்த்தினார்.

"ஏட்டி, அழாத. குனிஞ்சு பழகினதும் வீண் போகலை. இந்த வண்டியில குனிஞ்சாத்தானே காத்து தள்ளாது?"

* * *

வாசலில் காத்திருந்தார் தில்லைநாயகம். கைகட்டி, நெஞ்சு நிமிர்த்தி.

"என்ன, ஆளைப் பிடிச்சாச்சா?"

"பிடிச்சாச்சு மாமா. உங்க எதிர்லதான் நிக்காங்க."

அவர் பார்த்தார். வழக்கமாக மனைவியின் முகம் இருக்கும் இடத்தில் டிராக் சூட்டின் ஜிப்தான் தெரிந்தது.

"கொஞ்சம் மேல பாருங்க மாமா..."

மேலே பார்த்தார். இன்னும் மேலே... வாய் பிளந்தது.

"ஏளா... நீ எப்ப இவ்வளவு வளந்த?"

"வளரலை. நிமிந்தேன்."

தாசில்தார் தடுமாறினார். தொண்டையைச் செருமி, அதிகாரத்தைத் திரட்டினார். "அ... அப்ப வம்பு வீட்டுக்குள்ளதான் இருந்திருக்கு! பந்தயம் கிடையாது!"

"உண்டு," என்றார் பிரம்மநாயகி. "சாயங்காலத்துக்குள்ள ஆளைப் பிடிக்கணும்னீங்க. அவ மத்தியானமே பிடிச்சிட்டா. நாளைக்குப் பாபநாசம் வரைக்கும் அவ ஓட்டுவா. அங்கன இருந்து மூத்தோர் பந்தயம் திரும்பி வருது. அதுல நான் ஓட்டுவேன்."

"அத்தை!" சுகிர்தா துள்ளினாள். "பேரு குடுக்கணுமே!"

"எப்பவோ குடுத்தாச்சு. வண்டியைக் கேக்கத்தான் உன்கிட்ட வாய் வரலை. இப்பக் கேக்கேன். தருவியா?"

பதிலுக்கு, சீட்டுக்கு அடியில் தொங்கிய பையிலிருந்து ஆலன் கீ என்னும் திருகாணிச் சாவியை எடுத்து மாமியாரின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள் சுகிர்தா. சீட்டை இறக்கித் தன் அளவில் பொருத்திக் காட்டினாள். பிரம்மநாயகி நெற்றிப் பொட்டை எடுத்து அந்த அளவில் கம்பியில் ஒட்டினார்.

"ஏளா! பொட்டை..." பதறினார் தில்லைநாயகம்.

"பொட்டு வேலைக்குப் போயிருக்கு. நாளைக்கு வந்துரும்!"

கார்த்திகேசன் சிரிப்பை அடக்கமுடியாமல் உள்ளே ஓடினான். வாசலில் நின்ற இசக்கிமுருகன் தொப்பியால் முகத்தை மறைத்தார். தில்லைநாயகம் மனைவியை இன்னொரு முறை அண்ணாந்து பார்த்தார். கழுத்து வலித்தது. பிடரியைத் தடவிக்கொண்டே மருமகளின் பக்கம் சாய்ந்தார்.

"ஏம்மா சுகிர்தா... அந்த மைதீன்கிட்ட பைய ஒரு வார்த்தை கேளேன். அந்தச் சாவியைப் போட்டு ஆளையும் ஒரு நாலு விரல் ஒசத்த முடியுமான்னு!"