குழிவாய்த் தொப்பி

உடோத் தண்டுகள் சாய்ந்திருந்தன.

கினுயே ஏணியிலிருந்து இறங்கி மெழுகுவர்த்தியைத் தூக்கிப் பிடித்தாள். இரண்டாள் ஆழக் குழி, அடியில் பக்கவாட்டில் குடைந்த அறை. வெளிச்சம் பட்டால் பச்சையாகிக் கசந்துவிடும் என்று உடோ என்கிற இந்தக் காய்கறியை இப்படி இருட்டில்தான் வளர்ப்பார்கள். எந்தப் பக்கமும் வெளிச்சம் இல்லாததால் வெள்ளைத் தண்டுகள் குச்சி நட்டதுபோல நேராகத்தான் நிற்கும். இன்றைக்கு அத்தனையும் கடைசிச் சுவர்ப் பக்கம் சாய்ந்திருந்தன, அங்கே யாரோ உட்கார்ந்து பேசுவதைக் கேட்கிற மாதிரி.

போன வருஷம் அவள் கணவர் தொகுஜி அந்தச் சுவரோரம்தான் மூச்சடைத்துக் கிடந்தார்.

"கினுயே அக்கா! உசுரோட இருக்கியா?" மேலே பக்கத்துத் தோட்டத்து ஹருயோ.

"காத்து இருக்கு, மெழுகுவத்தி எரியுதுடி. அப்ப நானும் இருக்கேன்."

"வாய்க்குக் குறைச்சலில்ல. நாளைக்குக் குழிய மூட மண்ணு லாரி வருதுன்னு உம் பொண்ணு சொன்னா. இப்பப் போய் எதுக்கு இறங்குன?"

"நாளைக்கு அவருக்கு வருஷ நாளு. ஒரு கட்டு வெட்டிப் படைக்கணும். மிசோ விழுதத் தொட்டுக்கிட்டு மனுஷன் ஒருத்தரே தின்னு தீர்ப்பாரு."

"சரி, வெட்டிட்டு வெரசா ஏறி வா. தொப்பிய மாட்டிட்டுத்தானே இறங்குன? ம், இருக்கு இருக்கு. நான் போய் டீ போடுறேன்."

செருப்புச் சத்தம் தேய்ந்து போனது.

குழிக்குள் இறங்குகிறவர் குழிவாயோரத்து முளைக்குச்சியில் வைக்கோல் தொப்பியை மாட்டிவிட்டுத்தான் இறங்குவார். தொப்பி இருந்தால் மூடியை யாரும் தொடமாட்டார்கள். அன்றைக்கு தொகுஜியும் மாட்டியிருந்தார். தூறல் விழுந்ததும், மறதிக்கார மனுஷன் விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று கினுயேதான் அதை எடுத்துப்போய் அடுப்போரம் காயவைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து வந்தாள். முளை வெறுமையாக இருந்தது. தான் எடுத்ததையே மறந்து, குழியில் ஆளில்லை என்று மூடியை இழுத்து மூடினாள்.

காற்றில் மூடி விழுந்துவிட்டது என்று ஊருக்குச் சொன்னாள். மகளுக்கும் அதையேதான் சொன்னாள்.

அவள் குனிந்து அரிவாளை வைத்தாள். தண்டு அறுபடும் ஈரச் சத்தம், பச்சை வாசனை, அதற்கடியில் அடுப்போரம் காயும் வைக்கோல் வாசனை. ஒவ்வொரு வெட்டுக்கும் பின்னால் சன்னமாக ஒரு மூச்சு இழுபட்டது. தன் மூச்சுதான் என்று நினைத்து அடக்கிக்கொண்டாள்.

அது நிற்கவில்லை.

மெழுகுவர்த்திச் சுடரும் அந்தச் சுவர்ப் பக்கம் சாய்ந்தது.

ஏணி மேல் ஒரு துளி விழுந்தது. இன்னொன்று.

"அடடா, மழை! இந்த மனுஷனப் பாரு, தொப்பிய விட்டுட்டுப் போயிட்டாரு."

ஹருயோ இல்லை.

அது கினுயேயின் குரல். போன வருஷத்துக் குரல்.

ஏணியைப் பிடித்தாள். கால் எழவில்லை. மேலே காலடி போனது. திரும்பி வந்தது. மூடி உரசியது. வெளிச்சம் பாதியானது. கீற்றானது.

கத்த வாயைத் திறந்தாள். அதற்குள் முதுகுக்குப் பின்னால், அன்றைக்கு அவள் காதில் விழாமலே போன தொகுஜியின் குரல்.

"கினுயே, மூடாத. நான் உள்ளதான் இருக்கேன்."

மூடி விழுந்தது.

மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. வெள்ளைத் தண்டுகள் மெல்ல நிமிர்ந்தன. பிறகு ஒவ்வொன்றாக அவள் பக்கம் சாய்ந்தன.