முப்பத்தைந்தாவது வாரம்

அமைதிப்பட்டையைக் கழற்றிவிடச் சொன்னார் மருத்துவர் ஆபிதா.

நறுமுகை திகைத்தாள். சேலத்தில் பட்டை கட்டாத கையை அவள் பார்த்தே பல வருடம் ஆகிறது. மனம் கலங்கும்போது உடம்பில் ஏறும் கார்டிசால் சுரப்பை அது தோல் வழியாகவே உணர்ந்து இறக்கிவிடும்.

“கவலைப்பட்டா குழந்தை வளராதுன்னு சொல்வாங்களே, டாக்டர்?”

“அளவுக்கு மீறினா வளராது. ஆனா கடைசி வாரங்கள்ல அந்தச் சுரப்பு தானா கொஞ்சம் ஏறணும்மா. அப்பத்தான் குழந்தையோட நுரையீரல் மூச்சுவிடத் தயாராகும். உங்களுக்கு ஏற ஏறப் பட்டை இறக்கிடுது.”

“ஊசி போட முடியாதா?” என்றான் கணவன் இளஞ்செழியன்.

“அதையும் பட்டை இறக்கிடும்.”

கழற்றினாள். இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் காலை, குட்டிச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தவள் விம்மி அழுதாள்.

“பிரசவத்த நினைச்சு பயமா இருக்கா?”

“இல்லீங்க. நம்ம பொண்ண நினைச்சு.”

நான்கு வருடத்துக்கு முன், ஏழாம் மாதத்தில் ஒரு பெண் குழந்தை இறந்தே பிறந்திருந்தது. அடுத்த திங்கட்கிழமை இருவரும் வேலைக்குப் போனார்கள். அதன்பின் அவளைப் பற்றிப் பேசியதே இல்லை.

“அவ முகத்தப் பாத்தேனான்னுகூட ஞாபகமில்ல.”

“பாத்தே. கையில வாங்கினே. நெத்தியில நிறைய முடி இருந்துச்சு.” விலாசம் சொல்வதுபோல் சொன்னான். குரல் பிசிறவே இல்லை.

“உங்களுக்கு ஒண்ணுமே பண்ணலையா?”

அவன் தன் மணிக்கட்டைப் பார்த்தான். பட்டையை அவிழ்த்துவிட்டு அவளருகில் உட்கார்ந்தான். மறுநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவனுக்கும் அழுகை வந்தது. சோற்றைப் பிசைய முடியவில்லை. நறுமுகை தட்டை நகர்த்திவிட்டு அவன் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

மூன்று வாரம் அழுதார்கள், சண்டை போட்டார்கள், ஒருநாள் எதற்கோ வயிறு வலிக்கச் சிரித்தார்கள். முப்பத்தெட்டாவது வாரத்தில் பையன் பிறந்தான். அவன் போட்ட சத்தத்தில் ஆபிதாவே சிரித்துவிட்டார்.

பிறப்பைப் பதிய வந்த செவிலி கேட்டாள்: “முதல் குழந்தைதானே?”

“ரெண்டாவது,” என்றான் இளஞ்செழியன். “முதல் பொண்ணு நாலு வருஷம் முன்னாடி தவறிட்டா.”

செவிலி திரையில் தேதியைத் தேடினாள். “அந்த வாரம் உங்க ரெண்டு பேருக்கும் பட்டைப் பதிவு இருக்கு சார். ‘மனபாதிப்பு ஏதுமில்லை’ன்னு போட்டிருக்கு.”

குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டாள் நறுமுகை.

“அது தப்பும்மா,” என்றாள். “ரெண்டாவதுன்னு எழுதிக்கோங்க.”