பொட்டலத்தின் இடது காது

பராக்கு என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. பல் தேய்க்கப் போனால் குழாயில் சொட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். செருப்பு மாட்டப் போனால் ஒரு காலில் மாட்டிவிட்டு, படியேறும் எறும்பைப் பார்த்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிடுவாள்.

"என்னடி பராக்குப் பாக்குற?" என்று அம்மா நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு, கடைசியில் அதுவே பெயராகிவிட்டது. அவளுக்கும் அதில் கோபம் ஒன்றும் இல்லை. பராக்குப் பார்ப்பது நல்ல வேலைதான். சம்பளம்தான் கிடையாது.

அம்மாவுக்கு ஒரு பல் மருத்துவரிடம் வேலை. வருகிறவர்களை உட்கார வைப்பது, பெயர் எழுதுவது, "வலிக்கவே வலிக்காது" என்று கூசாமல் சொல்வது. ஒருநாள் அந்த டாக்டர், "நம்ம கிளினிக்குக்கு ஒரு வெப்சைட் வேணும். நீங்களே கத்துக்கிட்டுச் செஞ்சிடுங்களேன்" என்று சொல்லிவிட்டார். அதனால் அம்மா ஓர் ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தார். வெப்சைட் செய்வதும் படங்களைத் திருத்துவதும், அரிச்சுவடியிலிருந்து. சனி, ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு.

மதியம் இரண்டு மணி என்பது அம்மாவுக்குக் கண் சொக்கும் நேரம். முதல் வகுப்பில் பதினைந்து நிமிடம் ஒழுங்காகக் குறிப்பெடுத்தார். அப்புறம் பேனா கோணலாகப் போய், நோட்டைத் தாண்டி, மேசை மேல் ஒரு கோடு போட்டு நின்றது. பராக்கு அம்மாவின் தலைக்கு அடியில் ஒரு தலையணையை மெல்லச் செருகினாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். யாராவது கேட்டு வைத்துக்கொள்ள வேண்டுமே.

வகுப்பெடுத்த சாருக்கு மெதுவான குரல்.

"படத்தை ஒரே காகிதம்னு நினைக்காதீங்க" என்றார் அவர். "கண்ணாடித் தாள் மாதிரி ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி இருக்கும். ஒவ்வொரு தாளுக்கும் லேயர்னு பேரு. பக்கத்துல குட்டியா ஒரு கண் தெரியுது பாருங்க. அதைத் தொட்டா அந்தத் தாள் மறைஞ்சிடும். திரும்பத் தொட்டா வந்துடும்."

பராக்கு தொட்டுப் பார்த்தாள். படத்திலிருந்த மரம் மறைந்தது. இன்னொரு முறை தொட்டாள். மரம் வந்தது.

வகுப்பு முடிந்ததும் ஜன்னலோரம் போய் நின்றாள். தெருவுக்கும் பக்கத்தில் குட்டிக் கண்கள் இருப்பதாக வைத்துக்கொண்டாள். முதலில் வண்டிகளை மறைத்தாள். பிறகு மின்கம்பிகளை. பிறகு எதிர்க் கட்டடத்தை, அதில் காய்ந்துகொண்டிருந்த துணிகளோடு சேர்த்து. கடைசியில் வானமும் ஒரு புறாவும் மட்டும் இருந்தன. புறாவை மறைக்க மனசு வரவில்லை. அவள் அந்த வெறும் வானத்தைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் நின்றாளோ, அம்மா எழுந்து வந்து தோளைத் தட்டியபோதுதான் தெரு முழுசாகத் திரும்பி வந்தது.

மறுநாள் வகுப்பில் ஒரு பிரஷ்ஷைக் காட்டினார் சார். படத்தில் ஏதாவது புள்ளி இருந்தால் அதன் மேல் வைத்து ஒரு தட்டு. புள்ளி போய்விடும். இருந்த தடமே தெரியாது. பராக்குவுக்கு மூச்சே நின்றுவிட்டது.

"ஆனா ஒண்ணு, முக்கியமான விஷயம்" என்று சார் சொல்லத் தொடங்கியபோது, அவருக்குப் பின்னால் அவருடைய மூன்று வயதுப் பையன் தலையில் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு நடந்து போனான். பக்கத்தில் இருந்த கதவில் இடித்தான். இடித்துவிட்டுக் கதவிடம் ஏதோ பேசினான். பராக்கு அவனையே பார்த்தாள். சார் சொன்ன முக்கியமான விஷயம் அவள் காதில் ஏறவே இல்லை.

சார் சொன்னது இதுதான்: "எப்பவும் முதல்ல ஒரு நகல் எடுத்துக்குங்க. அசலைத் தொடாதீங்க."

திங்கட்கிழமை பள்ளி விட்டு வந்தபோது, கீழ்த்தளத்துத் தையல் கடை அமைதியாக இருந்தது. தையல் அக்கா மிஷின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். ஆனால் கால் ஓடவில்லை.

"என்னக்கா, ஒடம்பு சரியில்லையா?"

"பொட்டலத்தைக் காணோம் பராக்கு. சனிக்கிழமை போனது. இன்னும் வரலை."

பொட்டலம் என்பது அக்காவின் பூனை. வெட்டுத்துணிக் கூடையில் கையையும் காலையும் உள்ளே மடக்கிக்கொண்டு படுத்திருந்தால், யாரோ கட்டி வைத்துவிட்டு மறந்துபோன சாமான் என்றே தோன்றும். அதனால் அந்தப் பெயர். அக்காவுடன் வீட்டில் இருந்தது பொட்டலம் ஒன்றுதான்.

"நேத்து ஒரு சட்டைக்கு ரெண்டும் இடது கையாவே தெச்சு வெச்சிருக்கேன்" என்றார் அக்கா. சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

பராக்குவுக்கு உடனே ஒரு யோசனை வந்தது.

"அக்கா, நான் ஒரு வெப்சைட் பக்கம் செய்யறேன். காணோம்னு போட்டு, படத்தையும் போடலாம். எல்லாருக்கும் அனுப்பலாம். பொட்டலத்தோட போட்டோ இருக்கா?"

அக்காவின் போனில் ஆயிரம் படங்கள் இருந்தன. எல்லாம் சட்டைக் கழுத்து, கை, பாக்கெட். பொட்டலத்தின் படம் ஒன்றே ஒன்று.

பராக்கு போனை வாங்கிக்கொண்டு மாடிக்கு ஓடினாள். வகுப்பில் பழகுவதற்கென்று இணையத்தில் ஓர் இடம் கொடுத்திருந்தார்கள். அதில் பூனைக்கு ஒரு பக்கம் செய்யட்டுமா என்று அம்மாவிடம் கேட்டாள்.

"செய். ஆனா கிளினிக் பக்கத்துல பூனையைக் கொண்டு வந்து விட்டுடாதே. டாக்டர் என் பல்லைப் பிடுங்கிடுவார்" என்றார் அம்மா.

போனை லேப்டாப்பில் இணைத்து, பூனைப் படத்தை அதற்குள் கொண்டு வந்தாள். நகலெடுத்து ஒட்டியிருக்க வேண்டும். அவள் வெட்டி ஒட்டினாள். போனில் இருந்த படம் போயே போய்விட்டது. அதை அவள் கவனிக்கவில்லை.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பொட்டலம் அத்தனை அழகாக இல்லை. இடது காதின் நுனியில் ஒரு துண்டு காணாமல் போயிருந்தது. மூக்கின் மேல் பழுப்பாக ஒரு திட்டு. வால் முனை கொக்கி போல வளைந்திருந்தது. பின்னால் ஒரே துணிக் குப்பை.

அழகான பூனை என்றால்தானே எல்லோரும் ஆசையாகத் தேடுவார்கள்?

பிரஷ்ஷை எடுத்தாள். ஒரு தட்டு, மூக்குத் திட்டு போனது. காது நிறைந்தது. வால் நேரானது. துணிக் குப்பையை எடுத்துவிட்டு, அங்கே நீல வானத்தை வைத்தாள். இரண்டு மேகம் வைத்தாள். போதாதென்று மூன்றாவதும் வைத்தாள். பூனை மிதக்கிற மாதிரி இருந்தது. அவளும் கூடவே கொஞ்ச நேரம் மிதந்தாள்.

'மாற்றங்களைச் சேமிக்கவா?' என்று லேப்டாப் கேட்டது. ஆமாம் என்று தட்டினாள். பழைய படத்தின் மேலேயே புதுப் படம் உட்கார்ந்துகொண்டது.

அம்மா அந்தப் பக்கத்தின் லிங்க்கைத் தனக்குத் தெரிந்த எல்லோருக்கும் அனுப்பினார். பதில்கள் மளமளவென்று வந்தன.

"அய்யோ, என்ன அழகு."

"எந்தக் கடையில வாங்கினீங்க?"

"குட்டி போட்டா எனக்கு ஒண்ணு."

ஒருவர் அதைப் பூனைச் சோப்பு விளம்பரம் என்று நினைத்து விலை கேட்டிருந்தார். பார்த்தேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை பராக்கு அக்காவிடம் பக்கத்தைக் காட்டினாள். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ரொம்ப அழகா இருக்கு கண்ணு" என்றார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். "யாரோட பூனை இது?"

 பொட்டலத்தை வளர்த்த அக்காவுக்கே அடையாளம் தெரியவில்லை. மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்?

"இதோ வரேன்க்கா" என்று மாடிக்கு ஓடினாள். பின்னால் போகிற பொத்தானைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். நேற்றே மூடிவிட்ட படம் ஓர் அடிகூடப் பின்னால் போகவில்லை. குட்டிக் கண்களைத் தேடினாள். எல்லாத் தாளும் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தது. கீழே வந்து அக்காவின் போனிலும் தேடினாள். கழுத்து, கை, பாக்கெட். பூனை இல்லை.

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி நினைத்தாள். சொல்லத் தெரியவில்லை.

"அக்கா, நான் படத்தைக் கெடுத்துட்டேன். அழகாக்கணும்னு காது, மூக்கு எல்லாத்தையும் அழிச்சிட்டேன். உங்க போன்லயும் இல்ல. இருந்தது அது ஒண்ணுதான், இல்லையாக்கா?"

அக்கா நூல்கண்டு ஒன்றை எடுத்தார், வைத்தார்.

"போகுது விடு" என்றார். ஆனால் குரல் உடைந்திருந்தது. பராக்கு அழுதேவிட்டாள்.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டபோது அவளுக்கு ஒன்று தோன்றியது. படம் போனால் என்ன, பொட்டலத்தைத் தெரிந்த ஆள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாரே.

"அக்கா, காதுல எவ்வளவு துண்டு இல்ல? எப்படி இருக்கும்?"

"அது... கொஞ்சமா..." அக்கா யோசித்தார். "தெரியலையே. தினமும் பாத்ததுதான். சொல்ல வரமாட்டேங்குது."

"சொல்ல வேணாம். கண்ணை மூடிக்கிட்டுத் தடவிப் பாருங்க. பொட்டலம் மடியில இருக்குன்னு வெச்சுக்குங்க."

அக்கா அவளை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் கண்ணை மூடினார். வெறும் மடியின் மேல் அவர் கை மெல்ல நகர்ந்தது. தலை, கழுத்து, முதுகு. திரும்பவும் தலை. கட்டைவிரல் ஓரிடத்தில் நின்றது.

"இங்க" என்றார் அக்கா. "இந்த விரல் போய் இங்க உக்காரும். சட்டைப் பொத்தான்ல பாதி அளவு."

"அப்படியே வெட்டுங்கக்கா. துணியில."

தையல் அக்கா கத்தரிக்கோலை எடுத்தார். அளவு நாடா வேண்டியிருக்கவில்லை. கூடையிலிருந்த வெள்ளைத் துணியில் முதுகு வந்தது, தலை வந்தது. இடது காதில் சின்னதாக ஒரு வெட்டு. பழுப்புத் துணியில் நகம் அளவுக்கு ஒரு திட்டை வெட்டி மூக்கில் தைத்தார்.

"வால்?" என்றாள் பராக்கு.

"வாசல் கதவுல மாட்டி வளைஞ்சது. கடைசி எலும்பு மட்டும் இந்தப் பக்கமா." அக்காவின் கை தானாக வளைந்தது. வாலும் அப்படியே வளைந்தது.

ஜன்னலில் வெளிச்சம் மஞ்சளாகி, கடை முழுக்கப் பஞ்சும் நூலும் மிதந்தன. கத்தரிக்கோல் கிரிச் கிரிச் என்று நடந்தது. பராக்குவுக்கு அது தூக்கத்தில் பூனை மூச்சு விடுகிற மாதிரியே கேட்டது. அக்கா உள்ளே பஞ்சை அடைத்துக் கடைசித் தையலைப் போட்டு, பல்லால் நூலைக் கடித்தார். மேசை மேல் ஒரு துணிப் பூனை, நிஜப் பூனையின் அளவில், கொஞ்சம் கோணலாக உட்கார்ந்திருந்தது.

பராக்கு அதைப் படம் எடுத்தாள். இந்தத் தடவை பிரஷ் பக்கமே போகவில்லை. மேகப் படத்தை எடுத்துவிட்டு இதைப் போட்டு, கீழே எழுதினாள்:

'இது துணிப் பூனை. நிஜப் பூனையின் படத்தை அழகாக்குகிறேன் என்று நான் கெடுத்துவிட்டேன். ஆனால் காது, மூக்கு, வால் மூன்றும் பொட்டலத்துக்கு இப்படியேதான் இருக்கும். தையல் அக்காவின் கை சொன்னது. பார்த்தால் கீழே உள்ள எண்ணுக்குச் சொல்லுங்கள்.'

அம்மா படித்துப் பார்த்தார். எதையும் திருத்தாமல் எல்லோருக்கும் மறுபடி அனுப்பினார்.

புதன்கிழமை மாலை தையல் கடை வாசலில் ஒருவர் வந்து நின்றார். கையெல்லாம் கிரீஸ். இடுப்பில் ஓர் அட்டைப்பெட்டி. இரண்டு தெரு தள்ளி சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருப்பவர்.

"துணிப் பூனை செஞ்சது நீங்கதானே?" என்று கேட்டார். "அதே அளவுல, உசிரோட ஒண்ணு என்கிட்ட இருக்கு."

பெட்டியின் மூடி உள்ளிருந்து முட்டித் தள்ளப்பட்டது. முதலில் வந்தது ஒரு காது. நுனியில், சட்டைப் பொத்தானில் பாதி அளவு துண்டு இல்லாத இடது காது.

அக்கா எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது.

"சனிக்கிழமை ஒருத்தர் பஞ்சர் ஒட்ட வண்டியை விட்டுட்டுப் போனார்" என்றார் சைக்கிள் கடைக்காரர். "முன் கூடையில துணிப்பை. பைக்குள்ள இது படுத்துத் தூங்குது. இங்க துணி தைக்கக் குடுத்துட்டு வந்திருப்பார்போல. அவருக்கே தெரியல."

"முதல்ல போட்ட பக்கத்தைப் பாக்கலையா மாமா?" என்றாள் பராக்கு.

"பாத்தேனே. மேகத்துல மிதக்குற பூனை. யாரோ பெரிய வீட்டுப் பிள்ளைன்னு நினைச்சேன். நம்மகிட்ட இருக்குறது காது கிழிஞ்ச ஆளு. ரெண்டும் ஒண்ணுன்னு எப்படித் தோணும்?" அவர் பூனையின் தலையை ஒற்றை விரலால் தொட்டார். "நான் இதுக்கு பெடல்னு பேரு வெச்சிருந்தேன். நாலு நாள்தான், பழகிடுச்சு."

"தினம் வந்து பாத்துட்டுப் போங்க அண்ணே" என்றார் அக்கா. "பெடல்னே கூப்பிடுங்க. எப்படிக் கூப்பிட்டாலும் அது திரும்பாது."

பொட்டலம் பெட்டியிலிருந்து இறங்கியது. யாரையும் சட்டை செய்யாமல் மேசை மேல் ஏறியது. துணிப் பூனையை முகர்ந்து பார்த்தது. ஒரு கையால் தள்ளிக் கீழே போட்டுவிட்டு, அந்த இடத்தில் கையையும் காலையும் மடக்கி உட்கார்ந்தது.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அதன் முன்னால் குனிந்தார். "நாலு நாளா எங்க ஊர் சுத்தின? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா என்ன? நான் எப்படித் தவிச்சுப்போயிட்டேன் தெரியுமா?"

பொட்டலம் அதற்குள் தூங்கிவிட்டது.